மூன்றாவது ஆள்

எபி,
உங்கள் வேதத்தில் மறுபிறப்பு கிடையாது.
காசிமேட்டுக் கல்லறையில்
கடைசி எக்காளம் ஊதும்வரை
நீ படுத்திருக்க வேண்டியவன்.
யாரைக் கேட்டு எழுந்து வந்தாய்?

அதுவும் அடியாளாக.
அதுவும் மூன்றாவது அடியாளாக.

படத்தில் உனக்குப் பெயர்கூட இல்லை.
முன்னால் நிற்கும் இரண்டு பேர் வசனம் பேசுகிறார்கள்.
நீ பின்னால் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறாய்.
கடலையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு
வெறும் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி
வாசிக்கிறாய்.
மூன்று விநாடி இருக்கும்.
அப்புறம் கேமரா கதாநாயகனின் காலுக்குப் போய்விட்டது.

என் கையிலிருந்த பாப்கார்ன் சாய்ந்து
வீட்டுக்காரர் மடியில் கொட்டியது.
"தூங்கிட்டியா?" என்றார்.

யார் வாசிப்பார்கள் அதை?
ராயபுரம் பாலத்தடியில்
எனக்குக் கடலையைக் கொடுத்துவிட்டு
நீ காகிதத்தைத் தின்பாய்.
ஏழாம் வகுப்பு விடைத்தாள், சீட்டுக் கம்பெனி நோட்டீஸ்,
எவனோ எவளுக்கோ எழுதிக் கிழித்ததில் பாதி.
"ரெண்டு மார்க்காவது போட்டிருக்கலாம் பாவம்" என்பாய்,
பாபர் யாரென்று தெரியாத ஒரு பையனுக்காக.

தொண்ணூற்றிரண்டில், ஸ்டான்லியில்,
நகம்வரை மஞ்சளாகிக் கிடந்த உன்னை
வார்டு வாசலிலிருந்து பார்த்தேன்.
உன் அம்மா இருந்ததால் உள்ளே வரவில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
உன்னிடமும்.

இப்போது தண்டையார்பேட்டை ரேஷன் கடையில்
பில் போடுகிறேன்.
பாத்திரம் தேய்த்து ரேகை போன விரல்களை
ஒவ்வொன்றாக வைத்து அழுத்துவார்கள்.
இருபது வருஷமாக நான் பார்க்கும் மரகதத்தை
யாரென்றே தெரியாது என்கிறது மிஷின்.
"அவங்கதான்" என்று நான் சொன்னால் எடுபடாது.
அதே நான்
முன்பின் பார்த்திராத ஒருவனை
மூன்று விநாடியில்
அவன்தான் என்கிறேன்.
எது பழுது?

கணக்கும் போட்டுப் பார்த்தேன்.
அந்த நடிகருக்கு நாற்பது இருக்கும்.
நீ போனபோது ஏழெட்டு வயதில்
எங்கேயோ பம்பரம் விட்டுக்கொண்டிருந்திருப்பார்.
அவருக்குள் நீ புக முடியாது.
ஆனால் அந்த மூன்றாவது ஆள் பிறந்தது
வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில்தானே?
பிறந்து, நாற்பத்தோராவது நிமிடம்
முதுகில் குத்து வாங்கி
வலைக் குவியல்மேல் விழுகிறான்.
நாளுக்கு நாலு காட்சி.
எங்கள் ஆட்கள் சொல்லும் ஏழு பிறவியும்
சனிக்கிழமை சாயங்காலமே தீர்ந்துவிட்டது, எபி.
நான் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமை.

ஆனாலும் திங்கட்கிழமை போனேன்.
புதன்கிழமையும்,
பாமாயில் லோடு வரவில்லை என்று சொல்லிவிட்டு.
பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
"மற்றும் பலர்" மட்டும் பிடிபட்டது.
துடைப்பத்தோடு வந்த பையன்
"எந்திரிங்கக்கா" என்றான்.

டைரக்டர் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.
சும்மா உட்காரச் சொன்னபோது
கை தானாகவும் செய்திருக்கலாம்.
உன்னைப் போல இந்த ஊரில் ஆயிரம் பேர்
பொட்டலக் காகிதம் வாசித்திருக்கலாம்,
நான்தான் உன்னை மட்டும்
பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

வியாழன் கடைசி நாள். நாளை வேறு படம்.
நாற்பதாவது நிமிடம் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.
கதவைச் சாத்திய பிறகும் சத்தம் கேட்டது.
காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது.
பிறகுதான் உறைத்தது:
இந்த முறையும் நான் உள்ளே இல்லை.

டோல்கேட் பக்கம் தள்ளுவண்டியில்
பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கினேன்.
கடலையைப் பைக்குள் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தேன்.
ஏதோ கூரியர் பில்.
கொடுங்கையூரில் ஒரு பி. ராஜகுமாரி
பூப்போட்ட மடக்குக் குடை வாங்கியிருக்கிறாள்.
மூன்றாம் நாள் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.
காரணம் என்ற கட்டம் வரும் இடத்தில்
கிழிந்திருந்தது.

நீ இருந்தால்
ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பாய்.